வாலையில் வடிந்த மருந்து: நறுமண எண்ணெய்களின் வரலாறு

ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முறையை அறிந்தவர்களுக்கு, அதில் கற்பூரத்திற்கு உள்ள இடம் தெரியும். நபி (ஸல்) அவர்களின் மகளார் இறந்தபோது, குளிப்பாட்டிய பெண்களிடம், தண்ணீராலும் இலந்தை இலையாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழுவி, இறுதித் தடவையில் சிறிது கற்பூரம் சேர்க்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். இதனை உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்த அறிவிப்பு இடம்பெற்றுள்ளது.

இதன் நுட்பத்தை விளக்க முற்பட்ட இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், தம் ஃபத்ஹுல் பாரீயில், கற்பூரம் நறுமணம் தருவதோடு உடலை உலர்த்தி இறுகச் செய்கிறது, பூச்சிகளை விரட்டுகிறது, உடல் விரைந்து சீர்கெடுவதைத் தடுக்கிறது என்னும் கருத்தை எடுத்துரைக்கிறார்கள். இமாமவர்கள் மறைந்தது 1449ஆம் ஆண்டு. ஆலந்து நாட்டின் லீவன்ஹூக் தம் கையால் தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே பாக்டீரியாவைக் கண்டது 1676ஆம் ஆண்டு. அழுகலை உண்டாக்குவது எது என்பதை உலகம் அறிவதற்கு நெடுங்காலம் முன்பே, அழுகலைத் தடுப்பது எது என்பதை மனிதர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

நறுமண எண்ணெய்களின் வரலாறு முழுவதிலும் இந்த இடைவெளியைக் காணலாம். பயன் முதலில் தெரிந்தது; காரணம் பின்னர் தெரிந்தது. பயனுக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதற்கும் பின்னரே தெரிந்தது. அந்த எல்லையை மறந்துவிட்ட செய்திகள் இன்று நம் குடும்பங்களின் கைபேசிகளில் நாள்தோறும் வந்து விழுகின்றன. ஆதலால் இவ்வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கடல் கடந்து வந்த கற்பூரம்

அரபு நூல்கள் உயர்வாகப் பேசும் கற்பூரம் 'காஃபூர் ஃபன்ஸூரீ'. ஃபன்ஸூர் என்பது சுமத்திரா தீவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகப் பகுதியாகும். அங்குள்ள காடுகளில் ஓங்கி வளரும் மரத்தின் நடுத்தண்டில் வெண்ணிறப் படிகங்களாக இப்பொருள் உறைந்து கிடக்கும். மரத்தை வெட்டிப் பிளந்து பார்த்தால்தான் படிகம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். ஆகவேதான் அதன் விலை மிக உயர்ந்திருந்தது. சீனத்திலும் ஜப்பானிலும் வேறொரு மரத்தின் கட்டையை ஆவியிலிட்டுக் கற்பூரம் எடுத்தார்கள். இன்று கடையில் வாங்கும் சூடம் பெரும்பாலும் இவ்விரண்டும் அன்று. டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது.

பாருஸுக்கு அருகிலுள்ள லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே நிலைகொண்டிருந்ததை அது காட்டுகிறது. அரபு வணிகர்களும் தமிழ் வணிகர்களும் ஒரே சரக்கைத் தேடி ஒரே கரையில் இறங்கியிருந்தார்கள் என்பதை இதனால் அறிகிறோம்.

வாலையின் பயணம்

செடியின் மணம் அதன் இலை, பட்டை, பூ, விதை ஆகியவற்றிலுள்ள நுண்ணிய பைகளில் எண்ணெயாகத் தங்கியிருக்கிறது. கொதிநீரின் ஆவி அப்பைகளைத் தகர்க்கும்போது எண்ணெயும் ஆவியோடு சேர்ந்து மேலெழுகிறது. அந்த ஆவியைக் குளிரச் செய்தால் நீர் கீழேயும் எண்ணெய் மேலேயும் பிரிந்து நிற்கும். இதனைச் செய்யும் கருவிக்குத் தமிழில் வாலை என்று பெயர். எள்ளையும் தேங்காயையும் செக்கிலிட்டு எடுக்கும் எண்ணெய் வேறு. வாலையில் வடிக்கும் எண்ணெய் வேறு. முன்னது காற்றில் மறையாது. பின்னது திறந்து வைத்தால் மணமாகிக் கரைந்துவிடும்.

வாலை வடிப்பை முஸ்லிம்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று நம்மில் பலர் எழுதியும் பேசியும் வருகிறோம். அது சரியன்று. எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதிய இரசவாதிகள் இஸ்லாத்திற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே வடிகலன்களை வரைந்து காட்டியுள்ளனர். அரபியில் வாலையின் தலைப்பகுதிக்கு வழங்கும் 'அன்பீக்' என்னும் சொல்லே கிரேக்க மொழியிலிருந்து வந்ததுதான். அதே சொல் அரபு முன்னொட்டுடன் 'அலெம்பிக்' என்று பின்னர் ஐரோப்பாவிற்குச் சென்றது. அறிவு ஒரு சமூகத்திடமிருந்து மற்றொரு சமூகத்திற்குக் கை மாறியது என்பதற்கு அந்த ஒற்றைச் சொல்லே சாட்சி.

முஸ்லிம் அறிஞர்களின் உண்மையான பங்களிப்பு, சிலருடைய மறைவான கலையாக இருந்த ஒன்றை எழுதி வைத்த தொழிலாக மாற்றியதாகும். பக்தாதில் வாழ்ந்த அல் கிந்தீ (இறப்பு ஏறத்தாழ 873) நறுமணப் பொருள்களின் வேதியியல் பற்றியும் வடித்தல் பற்றியும் எழுதிய நூலில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. அபூபக்ர் அர் ராஸீ (இறப்பு ஏறத்தாழ 925) தம் நூலில் குடுவை, தலைப்பகுதி, ஏற்கும் கலம் என ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி விளக்கினார். பாரசீகத்தின் ஜூர் நகரத்துப் பன்னீர் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியானதைப் பத்தாம் நூற்றாண்டுப் பயணியான இப்னு ஹவ்கல் குறித்துள்ளார். பின்னாளில் டமாஸ்கஸின் புறத்தேயுள்ள மிஸ்ஸா கிராமத்தில் பன்னீர் பேரளவில் வடிக்கப்பட்டதை அத் திமிஷ்கீ (இறப்பு 1327) விவரிக்கிறார்.

நம் இல்லத் திருமணங்களில் தெளிக்கும் பன்னீரும், ஜும்ஆவுக்குப் பூசிச் செல்லும் அத்தரும் இந்த மரபின் தொடர்ச்சியே. ரோஜாவின் எண்ணெயைத் தனியே பிரித்தெடுத்ததை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்துள்ளார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம், சூடான பன்னீரைத் தட்டுகளில் ஊற்றியபோது மேலே படிந்த ஏட்டைக் கவனித்துச் சிறுகச் சிறுகத் திரட்டினாராம். அரண்மனைப் பெண்மணி ஒருவரின் கூர்மையான பார்வைக்கு அரசரே எழுத்தில் மதிப்பளித்துள்ளார்.

இப்னு சீனாவின் அளவுகோல்

இப்னு சீனா (980–1037) பெயரால் நறுமண எண்ணெய்கள் பற்றி எத்தனையோ செய்திகள் உலவுகின்றன. அவர் நுண்ணுயிரிகளைக் கண்டறிந்தார் என்றுகூடச் சிலர் எழுதுகின்றனர். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அதற்கு வாய்ப்பில்லை. அவருடைய பெருமைக்கு இத்தகைய மிகைகள் தேவையும் இல்லை. மருத்துவ உலகம் இன்றும் வியக்கின்ற வேறொன்றை அவர் விட்டுச் சென்றிருக்கிறார்.

அல் கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் ஆற்றலைச் சோதித்து அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை அவர் வகுத்துள்ளார். மருந்து தன் இயல்பில் இருக்க வேண்டும். வெப்பத்தாலோ குளிராலோ தற்காலிகமாக மாறியிருக்கக் கூடாது. பல நோய்கள் கலந்திருக்கும் ஒருவரிடம் சோதிக்கக் கூடாது. ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இருவகை நோய்களிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஈடாக இருக்க வேண்டும். மருந்து வேலை செய்யும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு முறை பலித்தால் போதாது. எப்போதும் அல்லது பெரும்பாலும் பலிக்க வேண்டும். ஏழாவதாக, சோதனை மனித உடலில் நடக்க வேண்டும். சிங்கத்தின் மீதோ குதிரையின் மீதோ சோதித்தது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த ஏழையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த காலகட்டத்திற்குச் செல்வோம்.

ஓமமும் உலகச் சந்தையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணுயிரிகள் நோய்க்குக் காரணம் என்பது நிலைபெற்றது. ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைக் காயங்கள் சீழ் பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். அந்த அமிலம் தோலை அரித்தது. அதைவிட மென்மையான ஒன்றைத் தேடியவர்கள் தைமால் என்னும் பொருளிடம் வந்து சேர்ந்தனர். தைம் என்னும் ஐரோப்பியச் செடியில் இருப்பதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. ஆனால் அது மிகுதியாகக் கிடைத்தது நம் சமையலறை ஓமத்தில். ஓம எண்ணெயில் பாதியளவு வரை தைமாலாக இருப்பதுண்டு. நம் பாட்டிமார் வயிற்று உப்புசத்திற்குக் கொடுத்த ஓமத் தண்ணீரின் காரமான மணம் அதனுடையதே.

1887இல் பாஸ்டரின் உடனாய்வாளர் சாம்பர்லான், இலவங்கப்பட்டை எண்ணெய் உட்படப் பல நறுமண எண்ணெய்களை ஆந்திராக்ஸ் கிருமியின்மீது செலுத்திச் சோதித்தார். அதற்கு முன்பே, 1879இல், அமெரிக்காவில் தைமால், யூகலிப்டஸ், புதினா ஆகியவற்றின் சாரங்களைக் கொண்ட ஒரு கிருமிநீக்கி உருவாகி, லிஸ்டரின் பெயரால் லிஸ்டரின் என்றே விற்பனைக்கு வந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்தாக அது இன்றும் விற்கப்படுகிறது.

முதல் உலகப் போருக்கு முன்னர் இந்தியாவில் விளைந்த ஓமம் செருமனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாகி உலகெங்கும் விற்கப்பட்டது. விளைவித்த உழவருக்குக் கிடைத்தது விதையின் விலை மட்டுமே. 1914இல் போர் அவ்வழியை அடைத்த பிறகுதான் இந்தியாவிலேயே தைமால் எடுக்கும் முயற்சிகளில் அரசு அக்கறை காட்டியது.

அக்காலத்தில் தைமாலுக்கு இருந்த பெருந்தேவைகளுள் ஒன்று கொக்கிப்புழு ஒழிப்பு. புழு நுண்ணுயிரி அன்றெனினும், இந்த வரலாற்றில் அதற்கு இடமுண்டு. 1909 முதல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்கஃபெல்லர் ஆணையம் நடத்திய இயக்கத்தில் தைமாலே முதன்மை மருந்து. அதனை உட்கொள்ளும் நாளில் எண்ணெய்ப் பண்டமும் மதுவும் கூடாது என்று கண்டிப்பாக எச்சரித்தார்கள். அவை தைமாலை இரத்தத்தில் ஏற்றி நஞ்சாக்கிவிடும். பின்னர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வியக்கம் நடந்தது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு அங்கே கீனோபோடியம் எண்ணெய் என்னும் மற்றொரு நறுமண எண்ணெய் புகட்டப்பட்டது. அது புழுவைக் கொன்றது. ஆனால் புழுவைக் கொல்லும் அளவுக்கும் மனிதனைக் கொல்லும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. அவ்வெண்ணெயால் பல நாடுகளில் உயிரிழப்புகள் நேர்ந்தன. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது கைவிடப்பட்டது. செடியிலிருந்து வந்தது என்பதால் தீங்கில்லாதது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

கிண்ணத்தில் வெல்வதும் உடலில் வெல்வதும்

இந்த எண்ணெய்கள் கிருமியை எப்படிக் கொல்கின்றன? பாக்டீரியாவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்பாலானது. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு போன்றவை கொழுப்பில் எளிதில் கலப்பவை. அவற்றுள் பல அச்சவ்வுக்குள் புகுந்து அதனைக் குலைக்கின்றன. சவ்வு கசியத் தொடங்கினால் உள்ளிருக்கும் உப்புகள் வெளியேறி, கிருமி தன் ஆற்றலை இழந்து மடிகிறது. சிலவகைப் பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னோர் உறையும் உண்டு. அவை இந்த எண்ணெய்களை எதிர்த்து நிற்கின்றன.

ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கிண்ணத்தில் கிருமியை வளர்த்து, நடுவே ஒரு துளி எண்ணெயை வைத்தால், அதனைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றும். இவ்வாறான ஆய்வுகள் ஏராளம். அவற்றைப் படித்தவுடன், இந்த எண்ணெயைக் குடித்தால் உடலிலுள்ள கிருமியும் மடியும் என்று முடிவுகட்டுவதுதான் தவறு. கிண்ணத்தில் எண்ணெய் நேரடியாகக் கிருமியைத் தொடுகிறது. உடலிலோ உணவின் கொழுப்பும் இரத்தத்தின் புரதமும் அதனைப் பிடித்துக்கொள்கின்றன. கல்லீரல் அதனைச் சிதைக்கிறது. கிண்ணத்தில் கிருமியைக் கொன்ற அதே செறிவை இரத்தத்தில் எட்ட வேண்டுமெனில், அதற்கு முன்பே உடல் நஞ்சேறிவிடும். கிருமியின் சவ்வு மட்டுமன்று, நம் உயிரணுக்களின் சவ்வும் கொழுப்பாலானதே.

இப்னு சீனாவின் ஏழாவது நிபந்தனை இங்கேதான் பொருந்துகிறது. சிங்கத்தின் மீது நடந்த சோதனையே மனிதனுக்குச் சான்றாகாது என்றவர், கண்ணாடிக் கிண்ணத்தைச் சான்றாக ஏற்றிருப்பாரா?

மனித உடலில் சோதித்து வென்றவையும் உண்டு. நறுமணச் சாரங்கள் கொண்ட வாய்க்கழுவி, பல் துலக்குவதோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும்போது பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதாக நிறுவப்பட்டுள்ளது. கிராம்பு எண்ணெயின் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகக் குழியடைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேயிலை மர எண்ணெய் கார்பாலிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலியது என்று பென்ஃபோல்டு 1920களில் அறிவித்தார். 1990இல் முகப்பரு உள்ள 124 பேரிடம் 5 விழுக்காட்டுக் களிம்பாக அது சோதிக்கப்பட்டது. வழக்கமான மருந்தைவிட மெதுவாக வேலை செய்தாலும், பக்க விளைவுகள் குறைவாக இருந்தன. இவை அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு: எண்ணெய் உடலின் மேற்பரப்பிலும் வாயிலுமே தொழிற்படுகிறது, இரத்தத்திற்குள் செலுத்தப்படுவதில்லை.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. அதனை நாம் முழுமையாக நம்புகிறோம். அதனை விளங்கிக்கொள்ளும் முறையில் நம் முன்னோர் காட்டிய நிதானத்தையும் கைக்கொள்ள வேண்டும். சொல் பொதுவாக இருந்தாலும் அதன் கருத்து குறிப்பிட்ட வகை நோய்களைச் சுட்டுவதாக இருக்கலாம் என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கியதை இப்னு ஹஜர் (ரஹ்) எடுத்தெழுதுகிறார். எந்த ஒற்றைச் செடியிலும் எல்லா நோய்க்கும் எதிரான இயல்புகள் அனைத்தும் சேர்ந்திருப்பதில்லை என்பதே அவ்விளக்கத்தின் அடிப்படை.

அதே அறிவிப்பிலுள்ள நிகழ்ச்சியையும் நோக்குவோம். நோயுற்ற காலிப் இப்னு அப்ஜர் அவர்களைப் பார்க்க வந்த இப்னு அபீ அத்தீக் அவர்கள், கருஞ்சீரகத்தில் ஐந்து அல்லது ஏழு மணிகளை எடுத்து இடித்து, எண்ணெயில் கலந்து மூக்கின் இருபுறமும் சொட்டுகளாக விடச் சொன்னார்கள். அளவு, செய்முறை, செலுத்தும் வழி ஆகிய மூன்றும் அதில் அமைந்துள்ளன. வேண்டுமளவு குடியுங்கள் என்று அவர் கூறவில்லை.

கருஞ்சீரகத்தின் மணத்திலுள்ள தைமோகுயினோன் என்னும் பொருள் ஆய்வுக்கூடத்தில் பல கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் கடையில் கருஞ்சீரக எண்ணெய் என்று விற்கப்படுவது பெரும்பாலும் செக்கில் பிழிந்தது. அதில் ஆவியாகும் மணப்பொருள் சிறு பங்கே. வாலையில் வடித்த எண்ணெய்க்கு நடந்த ஆய்வைக் காட்டிப் பிழிந்த எண்ணெயை விற்பது அளவை நிறுவையில் செய்யும் மோசடிக்கு நிகரானது.

நம் வீட்டு அலமாரி

நீலகிரியில் 1843இல் முதன்முதலாக நடப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் இன்று மலைமேல் காடாக நிற்கின்றன. உதகைக்குச் சுற்றுலா செல்லும் எந்தக் குடும்பமும் தைலப் புட்டி வாங்காமல் இறங்குவதில்லை. சளி பிடித்தபோது அதன் மணம் மூக்கடைப்பு விலகியது போன்ற இதத்தைத் தருகிறது. ஆனால் சிறு குழந்தை அதனைச் சில மில்லிலிட்டர் விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். கற்பூரமும் அவ்வாறே. உதகையில் மூட்டுவலிக்கென விற்கும் குளிர்காலப்பச்சை எண்ணெய் இன்னும் கொடியது. அதன் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடானது.

எனவே இப்புட்டிகளைக் குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். பச்சிளங் குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தைலமோ கற்பூரமோ தடவாதீர்கள். வடித்த எண்ணெயைத் தோலில் நேரடியாகப் பூசாமல், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகக் குறைவாகக் கலந்து பூசுங்கள். குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவரின் காற்புண்ணையும், காசநோயையும், குழந்தையின் விடாத காய்ச்சலையும் எண்ணெயால் ஆற்ற முயன்று நாள் கடத்தாதீர்கள். அந்நாள்களில் நோய் காத்திருப்பதில்லை.

மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. சட்ட அறிஞர்கள் இதன் அடிப்படையில் இழப்பீட்டுச் சட்டங்களையே வகுத்தார்கள். 'இந்த எண்ணெயைக் குடித்தால் எல்லாக் கிருமியும் சாகும்' என்னும் செய்தியைச் சரிபாராமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் முன், நம்முடைய விரலும் அந்தப் பொறுப்பிற்குள் வருமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அல் கிந்தீயும் ராஸீயும் இப்னு சீனாவும் தமக்கு முந்தையோரிடம் கற்றார்கள், கற்றதைச் சோதித்தார்கள், சோதித்ததை எழுதினார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லிச் சோதிக்காத ஒன்றைப் பரப்புவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. இறைவன் செடிகளில் வைத்துள்ள நிவாரணத்தை அதற்குரிய அளவோடும் வழியோடும் பெற்றுக்கொள்ளும் அறிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.